எம்ரிஸ் பெரியப்பாவின் மந்தை

இரவு இரண்டரை மணி. வேல்ஸ் நாட்டில், ஹார்லெக் கோட்டை ஊரிலிருந்து மலைக்கு ஏறுகிற பாதை... இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் ஒரே ஒரு வண்டிக்கு இடம். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் அரை மைல் பின்னால் போக வேண்டும், இல்லையென்றால் இருவரும் அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அப்படி ஒரு குறுகல். கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி கோட்டையை முழுசாக விழுங்கிவிட்டு, பசி தீராமல் மலையைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பாதையில் ரோட்ரி தனியாக வேனில் ஏறிக்கொண்டிருந்தான்.

கதவைச் சாத்தியாயிற்றா? நல்லது. நெருங்கி உட்காருங்கள். இந்த ரோட்ரி என் சிநேகிதி எலினுக்குக் கூடப்பிறந்த தம்பி. எலின் பொய் பேசமாட்டாள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான்... ஆனால் இந்த விஷயத்தில் கூட்டுவதற்கு அவள் எனக்கு இடமே வைக்கவில்லை.

பண்ணையில் காசு கொடுத்துத் தங்கியிருந்த விருந்தாளிகளின் வெந்நீர்த் தொட்டிக்கு மோட்டார் படுத்துவிட்டது. பக்கத்து ஊர் போர்த்மாடோக்கில் ஒரு நண்பனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, திட்டு வாங்கி, வேறு மோட்டார் வாங்கி வந்துகொண்டிருந்தான். வேனின் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் கேட்டது.

விசில்.

நீளமாக ஒன்று. நின்று... குட்டையாக இரண்டு.

அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. நாயை இடப்பக்கமாகச் சுற்றி மேலே அனுப்புகிற விசில் அது. மலையில் எல்லாரும் விசிலடிப்பார்கள்தான். ஆனால் இதன் ஓரத்தில் காற்று கசிந்தது. எம்ரிஸ் பெரியப்பாவுக்கு முன்பல் இரண்டும் கிடையாது. ஒரு கிடா முட்டிப் போன பல். அந்த ஓட்டை இல்லாத வாய்க்கு அந்த விசில் வரவே வராது.

பெரியப்பாவை மார்ச் மாதமே புதைத்தாயிற்று.

வேனுக்குள் ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. அதோடு மெல்ல... பெப்பர்மின்ட். பெரியப்பா ஓயாமல் வாயில் அடக்கிக்கொண்டிருப்பாரே, அந்த மிட்டாய் வாசனை.

ரோட்ரி ஏன் அப்படிப் பயந்தான் என்று கேட்கிறீர்களா? பயப்படுகிற மாதிரி ஒரு காரியம் செய்திருந்தான்.

ஹாவோட் லாஸ் பண்ணை பெரியப்பாவுடையது. பிள்ளை இல்லாதவர். அந்த மலையில் வேலி கிடையாது. எந்தப் பாறை வரைக்கும் நம் புல், எந்த ஓடைக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை க்வென்னோவின் புல் என்பது ஆடுகளுக்குத்தான் தெரியும். தாய் குட்டிக்குக் காட்டும். குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். அதனால் பண்ணை கை மாறினாலும் மந்தை மலையை விட்டு இறங்காது. ஒருமுறை இறக்கிவிட்டால் தீர்ந்தது. வெளியாட்டை வாங்கி விட்டால் அது இரவோடு இரவாக லண்டனுக்கே நடந்துவிடும்.

சாகும்போது பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆடுங்கள மட்டும் மலைய விட்டு இறக்கிடாதடா."

"மாட்டேன் பெரியப்பா."

"வாயால சொன்னா பத்தாது. கையப் பிடிச்சுச் சொல்லு."

பிடித்துச் சொன்னான். அந்தக் கையின் சூடு ஆறுவதற்குள், சமையலறை மேசையில் அவன் பெண்டாட்டி லவ்ரி வரைபடத்தை விரித்துவிட்டாள். மலை மேல் வட்டக் கூடாரங்கள். கூடாரத்துக்குள் கட்டில், கம்பளம், கணப்பு, பட்டுத் தலையணை. அதற்கு கிளாம்பிங் என்று பெயர். காட்டில் படுக்க ஆசை, ஆனால் காடு மேலே படக்கூடாது என்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்தது.

"முதல் நாள் கோட்டை," என்று விரலை ஓட்டினாள் லவ்ரி. "மதில் மேல நின்னு போட்டோ எடுத்துக்கட்டும். ரெண்டாம் நாள் மலையேத்தம். மூணாம் நாள் கடற்கரை, நண்டு சாண்ட்விச்."

"மழை பெஞ்சா?"

"பெஞ்சாவா? எப்ப நிக்கும்னு கேளு. மலைச்சாரல்னு போட்டுக்கலாம், அதுக்கும் சேர்த்து ஆசைப்பட்டு வருவாங்க."

"புழுக்கை கெடக்குமே புல்லு பூரா..."

லவ்ரி அவனைப் பார்த்தாள். "வெள்ளைச் செருப்பு போட்டுட்டு வர்றவங்க ரோட்ரி. நீயே முடிவு பண்ணு."

முடிவு பண்ணினான். க்வென்னோ ஓடி வந்தாள். எழுபது வயது, ஆனால் மலையில் அவள் வேகத்துக்கு ஆட்டுக்கே மூச்சு வாங்கும்.

"எனக்குக் குடுத்துடுடா. அங்கேயே வெச்சு நான் மேய்ச்சுக்கறேன்."

"விடியக்காலத்துல கத்தும் அத்தை. வர்றவங்க தூங்க வேண்டாமா?"

"ஆடு கத்தாத மலைக்கு எந்தப் பைத்தியக்காரன்டா வருவான்?"

வேறு மலைக்கு அனுப்புகிறேன் என்று அவளிடம் ஒரு பொய் சொன்னான். லாரி வந்தது. அத்தனையும் கசாப்புக்குத்தான் போயிற்று. பெரியப்பாவின் நாய் மோட், லாரி போன திக்கைப் பார்த்து வாசலில் உட்கார்ந்தது. சோறு தொடவில்லை. தண்ணீர் தொடவில்லை. உட்கார்ந்தபடியே செத்தது.

அந்த மலையில்தான் இப்போது விசில் கேட்டது.

ரோட்ரி வேனை மிதித்து மேலே வந்து சேர்ந்தான். கூடாரங்களுக்குள் விளக்கு எரிந்தது. எல்லா வாசலும் திறந்து கிடந்தது. கட்டிலைத் தொட்டுப் பார்த்தான்... சூடு. ஆள் இல்லை. அடுத்தது... சூடு. ஆள் இல்லை. மான்செஸ்டரிலிருந்து வந்த அத்தனை பேரும், ஒரு செருப்பைக்கூட எடுக்காமல் போயிருந்தார்கள். வீட்டில் லவ்ரி மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஈரப் புல்லில் வெறுங்கால் தடம். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வரிசை. மேலே போயிற்று. எங்கும் வழி தவறவில்லை. பாறையைத் தொட்டு, ஓடையைத் தொட்டு, ஓரடி அந்தப் பக்கம் போகாமல்... மந்தையின் எல்லையிலேயே போயிற்று.

உச்சிக்குக் கீழே பழைய கல் ஆட்டுப்பட்டி. அதை நெருங்கும்போது ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

டார்ச்சை அடித்தான்.

பட்டுப் பைஜாமாவில் ஒரு வக்கீல். கண்மூடித் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி ஒரு பல் டாக்டர் அம்மாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. எல்லாரும் கையையும் முழங்காலையும் ஊன்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி... புல்லைப் பல்லால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் அத்தனை தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. கண்கள் பச்சையாக மின்னின. வாய் மட்டும் நிற்கவில்லை. மென்றுகொண்டே இருந்தது.

மனிதக் கண் இருட்டில் அப்படி மின்னாது. நான் விசாரித்துவிட்டேன்.

கிழக்கே வெளுத்ததும் எங்கோ மறுபடி விசில். எல்லாரும் எழுந்து, வரிசையாக இறங்கி, அவரவர் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. "பிறந்ததிலேருந்து இப்படித் தூங்கினதில்ல!" என்றார் வக்கீல். லவ்ரி பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்து வைத்தாள். ஒருவர்கூடத் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறதாம். அன்று ஊர் திரும்ப வேண்டிய நாள். பெட்டியைக் கட்டி, காரை எடுத்துக்கொண்டு போனார்கள். பாதையோரத்துப் பண்ணை எல்லைக் கல் வரைக்கும்தான். அங்கே ஒவ்வொரு காராக நின்றது... திரும்பி வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கோமே," என்று எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

லவ்ரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோட்ரியின் பார்வை மட்டும் வக்கீலின் இடது காதிலேயே நின்றது. நுனியில் சின்னதாக, முக்கோணமாக, ஒரு வெட்டு. ரத்தம் காய்ந்திருந்தது. பல் டாக்டருக்கும் அதே இடம். அந்த ஜோடிக்கும்.

க்வென்னோவை அழைத்து வந்து காட்டினான். அவள் முற்றத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"எம்ரிஸோட குறி," என்றாள். "ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெட்டு உண்டு. இது உங்க தாத்தாவோட தாத்தா காலத்துக் குறிடா. ஆமா... எந்த மலைக்கு அனுப்பினே ஆடுங்கள?"

ரோட்ரி லாரி போன பாதையைப் பார்த்தான்.

"கசாப்பா?"

தலை குனிந்தான்.

"அடப் பாவி! மந்தை இல்லாம அந்த ஆளு எப்படிடா தூங்குவாரு? கெடச்சத ஓட்டிட்டு வந்துட்டாரு."

"அப்ப... மந்தை கெடச்சுடுச்சு இல்ல அத்தை? என்னை விட்டுடுவாரு இல்ல?"

"திரும்பு." அவன் இடது காதைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது காதையும் பார்த்தாள். வெட்டு இல்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீயும் பண்ணைக்காரன்தானே. குறி இல்லாத ஆடு ஒண்ணு நம்ம மலைல நின்னா என்ன பண்ணுவோம்?"

அவனுக்குத் தெரியும். நாயை விட்டுக் கீழே தள்ளிவிடுவார்கள். மலையில் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

அன்று ராத்திரி கதவைப் பூட்டி, மேசையை இழுத்து முட்டுக் கொடுத்து, லவ்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கிழவிக்குத்தான் வயசாச்சுன்னா உனக்கு என்ன?" என்று சிரித்தாள் அவள். "செத்தவரு விசிலடிக்கிறாராம், பல் டாக்டர் புல்லு திங்கிறாங்களாம். போய் முகத்தைக் கழுவு, போ!"

எப்போது கண் அசந்தானோ... விழித்தபோது கையில் கை இல்லை. மேசை வைத்த இடத்திலேயே இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. லவ்ரி மட்டும் இல்லை.

வெளியே ஓடினான். மலையை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பான்... கெண்டைக்காலில் ஏதோ பட்டது. ஈரமாக. ஜில்லென்று. நாய் மூக்கு.

குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. மூச்சிரைப்பு மட்டும்.

இடப்பக்கம் ஒதுங்கினான். மூச்சு இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் பாய்ந்தான். அதற்கு முன்பே அங்கே நின்றது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. திருப்பியது. அவ்வளவுதான். திருப்பித் திருப்பிக் கீழ்ப்பாதைக்குக் கொண்டுவந்துவிட்டது. நின்றால் பின்னால் உறுமல். நடந்தால் அமைதி. அந்தக் கல் சுவர்ப் பாதையில், தன் சொந்த நிலத்திலிருந்து, ஒரு ஆட்டைப் போல இறங்கினான் ரோட்ரி. கோட்டை மதிலோரமாக ஓட்டியது. மணல்மேடுகளுக்குள் ஓட்டியது. செருப்பு எங்கேயோ போயிற்று. காலடியில் அலை. அப்போதும் நிற்கவிடவில்லை. முழங்கால்... இடுப்பு... மார்பு. உப்புத் தண்ணீர் வாயில் அடித்தது.

"தப்புதான் பெரியப்பா!" என்று கத்தினான். "கையப் பிடிச்சுச் சொல்லிட்டு ஏமாத்திட்டேன்! மன்னிச்சிடு பெரியப்பா!"

கரையிலிருந்து விசில். நீளமாக, தாழ்ந்து, ஒரே ஒன்று. நாயை அதே இடத்தில் படுக்கச் சொல்கிற விசில்.

கரையில் மணல் அழுந்துகிற சத்தம் கேட்டது. பிறகு பொறுமையான மூச்சு. விடியும் வரைக்கும் அது அங்கேயே படுத்திருந்தது. விடியும் வரைக்கும் அவன் தண்ணீரிலேயே நின்றான்.

சூரியன் வந்ததும் கரையில் அந்த நாய் மூச்சு நின்றது. பல் தந்தியடிக்க, உடம்பெல்லாம் நீலம் பாரித்து, விழுந்து எழுந்து மலை ஏறினான். அவனுக்கு மலை வேண்டாம், பண்ணை வேண்டாம், ஒரு கூடாரமும் வேண்டாம். லவ்ரியைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரவு உடையிலேயே. தலைமுடியில் பனி. இடது காதின் நுனியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"லவ்ரி! வா... வா, போயிடலாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பல வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன். அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

"வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றாள், விருந்தாளிகளிடம் பேசுகிற அதே இனிமையான குரலில். "கீழ போற பாதை அந்தப் பக்கம்."

"நான்தான் லவ்ரி... ரோட்ரி!" என்று கல்லைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினான்.

அந்நிய நாயைக் கண்டால் குட்டி போட்ட ஆடு என்ன செய்யும் தெரியுமா? ஓடாது. கத்தாது. முன்னங்காலைத் தூக்கி, கண்ணை எடுக்காமல், தரையில் ஒரு உதை உதைக்கும். கிட்டே வராதே என்று அர்த்தம்.

லவ்ரி வெறுங்காலைத் தூக்கினாள். அவன் கண்ணையே பார்த்தபடி... தரையில் ஒரு உதை.

தொப்.

அவளுக்குப் பின்னால், மூடுபனிக்குள், கண்ணுக்குத் தெரியாத வரிசையில் இன்னொன்று.

தொப்.

அதற்குப் பின்னால் இன்னொன்று... அதற்குப் பின்னால்... மேலே, மேலே, மலையுச்சி வரைக்கும். அந்தக் கூடாரங்களில் அத்தனை பேர் தங்கியிருக்கவே இல்லை.