எட்டரை மணிக்கு ஒரு நினைவு நாள்

— மறுபடி சொல்லு கண்ணு, காதுல சரியா விழல. என் வீட்டுக்காரரை யாரு கொன்னாங்கன்னே?

— நான்தாம்மா. ரேடியோவுல.

— அட, நீ ரேடியோ ஸ்டேஷன் பொண்ணா! மொதல்லயே சொல்றதுக்கென்ன? உள்ள வா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காரு.

— காலையில எட்டரைக்கு ‘இதே நாளில்’னு வருமேம்மா, அதை எழுதிக் குடுக்கறது நான்தான். எந்தப் பாடகி என்னிக்குப் பொறந்தாங்க, எந்தப் பாட்டு என்னிக்கு வெளிவந்துச்சு, யார் என்னிக்குப் போனாங்கன்னு தேதிக்கு ஒரு அட்டை. மொத்தம் முந்நூத்தி அறுபத்தாறு அட்டை.

— அறுபத்தாறா?

— லீப் வருஷத்துக்கும் சேத்தும்மா.

— உஷாரான ஆளுதான். அப்புறம் எப்படி, உயிரோட இருக்கற மனுஷனை அனுப்பி வெச்சே?

— பேப்பர்ல ஒரு ஆர்கெஸ்ட்ரா படம் போட்டு, இடப்பக்கத்துலேருந்து மூணாவதா நிக்கறவர் இறந்துட்டார்னு எழுதியிருந்தாங்க. பேர் போடல. அதே படம் எங்க ஸ்டேஷன்ல இருக்கு. ஒவ்வொருத்தர் முதுகுக்கும் நேரா பின்னாடி அவங்கவங்க பேரு எழுதியிருக்கும். நான் படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல இடதுலேருந்து எண்ணிட்டேன். திருப்பினா இடது வலதாயிடும்னு... தோணவே இல்லம்மா.

— அய்யோ, அப்ப நிஜமா போனது யாரு?

— கிடார் வாசிச்சவர்.

— பாவம் அந்தக் கிடார்க்காரன்! அவனுக்குச் சேர வேண்டிய கண்ணீரெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. மொத வருஷம் நடந்ததைக் கேளு. இவர் பல்லு தேய்ச்சுக்கிட்டு நிக்கறார், வாயெல்லாம் நுரை. ‘மறைந்த மவுத் ஆர்கன் கலைஞர்’னு இவர் பேரைச் சொல்றாங்க! நான் கையில இருந்த டம்ளரைப் போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல மாடி வீட்டுக்காரர் பூவோட வந்து கதவைத் தட்டறார். திறந்தது யாருங்கற? இவரேதான்! அந்த மனுஷன் படியில பாதி தூரம் உருண்டுட்டார்.

— சிரிக்காதீங்கம்மா. நான் எழுதின அட்டையை மூணு வருஷமா ரேடியோவுல படிச்சிருக்காங்க. போன வாரம் மருந்துக்கடையில இவர் பேரைக் கூப்பிட்டாங்க. திரும்பிப் பாத்தா, படத்துல இருந்த அதே மூக்கு.

— அந்த மூக்கை எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிச்சுடலாம்.

— கச்சேரிக்கெல்லாம் கூப்பிடறாங்களாம்மா?

— உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? இல்ல. ஒரு கல்யாணம், ஒரு பள்ளிக்கூட விழான்னு போய்க்கிட்டிருந்தார். நின்னுபோச்சு. செத்தவனை யாரு வாசிக்கக் கூப்பிடுவா?

— அய்யோ... நீங்க உடனே ஸ்டேஷனுக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேம்மா!

— கையில எடுத்துட்டேன் கண்ணு, உங்க ஆளுங்களை நாலு வார்த்தை கேக்கணும்னு. இவர்தான் பிடுங்கி வெச்சுட்டார்.

— ஏன்?

— இவளே! உள்ள ரூம் கடிகாரம் நின்னுபோச்சு, மணி என்ன?

— எட்டு இருபத்தஞ்சுங்க! சட்டையை மாத்தியாச்சா?

— பித்தானே போட்டாச்சு! யாருடி வந்திருக்கறது?

— தெரிஞ்ச பொண்ணுதாங்க! ... ஏன்னு கேட்டியே. இவர் வாசிச்ச பழைய பாட்டு ஒண்ணு, அது ஆரம்பத்துல மவுத் ஆர்கன் மட்டும் தனியா வருமே, பெருமூச்சு விடற மாதிரி? நாப்பது வருஷமா ஊரே அதை முணுமுணுக்குது. இசைத்தட்டு மேல பாடினவங்க பேரு இருக்கு, மெட்டுப் போட்டவர் பேரு இருக்கு, அட்டை அச்சடிச்சவன் பேரு கூட இருக்கு. இவர் பேரு? எங்கயும் கிடையாது. நீ ஒருத்திதான் சொன்னே. சொல்லிட்டு, அந்தத் துண்டை மட்டும் தனியா போட்டீங்க. வாயைக் கூடக் கொப்பளிக்காம நின்னு கேட்டார் கண்ணு.

— அம்மா...

— அதுலேருந்து இந்தத் தேதி வந்தா இஸ்திரி போட்ட சட்டைதான். மகளுக்கு ஃபோன் பண்ணி ‘ரேடியோ போடு, எனக்கு நினைவு நாள்’னு ஒரே அட்டகாசம். போன வருஷம் பேரனுக்குப் பள்ளிக்கூடம் லேட்டாயிடுச்சு. ஏன், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? தண்ணி தரட்டுமா?

— இன்னிக்கு வராதும்மா.

— எது வராது?

— நேத்து அட்டையில அவர் பேரை அடிச்சுட்டேன். தப்பை வெளிய சொன்னா வேலை போயிடும்னு பயம். யார்கிட்டயும் மூச்சு விடல. சத்தமில்லாம அடிச்சுட்டு, உங்க கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுட்டா மனசு ஆறிடும்னு வந்தேன்.

— இப்ப ஒரு ஃபோன் போட்டுச் சேத்துட முடியாதா?

— நேத்தே பதிவு பண்ணியாச்சும்மா.

— இவளே, ஆரம்பிச்சுட்டாங்க! வா சீக்கிரம்!

— நான் போய் அவர்கிட்ட சொல்லிடறேம்மா.

— உக்காரு. என்னன்னு சொல்லுவே? நீங்க இன்னும் சாகலைன்னா?

— பாடகி பொறந்தநாள் முடிஞ்சுதுடி! ஏதோ ஒரு பாட்டு வெளிவந்து முப்பது வருஷமாம்... அதுவும் ஆச்சு! அடுத்தது நான்தான், சத்தத்தைக் கூட்டறேன்!

— அம்மா, என்னால முடியல...

— பேசாத கண்ணு. கையைக் குடு.

— என்னடி இது, சோப்பு விளம்பரம் போடறான்? ... இவளே, இந்த வருஷம் நான் சாகலையா?