மடித்துக் கட்டிய வேட்டி

எருத்தேன்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள்.

"அடுத்த மாசம் ராஜி வெச்சுப் பதவிய உட்டுப் போறேன்னு பஞ்சாயத்து பிரசிடெண்ட் சொன்னாலுஞ் சொன்னாரு, இப்ப அவரு பேச்ச ஒருத்தனுங் கேக்கறதில்லீங்க."

"போறவரு எதுக்குங்க முன்னாடியே சொல்லோணும்?"

"ஆளுக்குப் பாதிக் காலம்னு ரெண்டு கட்சிக்கும் ஒப்பந்தமாமுங்க."

"அதெல்லாம் இல்லீங்க. ஆரு மதிக்கறாங்க, ஆரு மதிக்கலைன்னு பாக்கறாரு. பாத்துட்டு, போகமாட்டாரு."

 முதலாமவர், "நேத்து கல்யாண ஊட்டுல எதுக்க வந்தாரு. மடிச்சுக் கட்டுன வேட்டிய நான் எறக்கி உடலீங்க" என்றார்.

"பாத்தாருங்களா?"

"வேட்டியத்தான் பாத்தாரு."

சித்தூருக்கு டிக்கெட் எடுத்திருந்த முதலாமவர், பிரசிடெண்ட் வீட்டு ஸ்டாப்பிலேயே இறங்கினார். படியில் கால் வைக்கும்போதே வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.