எம்பொண்ணுக்குத்தான்

இல்லம்மா, எங்க மொதலாளியம்மாவுக்கு இல்ல. எம்பொண்ணுக்குத்தான். ஏன் சங்கடப்படுற, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. இருபத்தாறு வருசமா இந்த சால்வதோர் பட்டணத்துல எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் மொதக் கேள்வி அதானே, யாருக்கு வாங்குறீங்கன்னு. கேட்டுட்டா நிம்மதி. கேக்காம பின்னாடியே வந்தாத்தான் பயம். அந்தா, தூண் பக்கத்துல நிக்கிறாரே உங்க செக்யூரிட்டி, நான் உள்ள வந்ததுலேருந்து கூடவேதான் வர்றாரு. வரட்டும், விடு. அவரும் நம்ம நெறந்தான். மேல இருக்கறவன் சொல்றான், அவரு செய்யிறாரு. வீட்டுல அவருக்கும் நாலு வயிறு இருக்கும்ல.

அந்த வெள்ள கவுன் வேண்டாம், மாட்டி வச்சுரு. நல்லாத்தான் இருக்கு, வேண்டாம். மஞ்சள் இருந்தா எடு. நல்லாப் பழுத்த மாம்பழக் கலரா, கை நீளமா. ஆமாம்மா, இந்த வெயில்லயும் கை நீளமாத்தான் வேணும்.

எம்பேரு ஜுராசி. பிள்ள பாக்குற வேல. கடக்கரை ரோட்டுல பதினாலாம் மாடியில டோனா எலொயீசான்னு ஒரு அம்மா, அவங்க பொண்ணு பியான்காவ வளத்தது நாந்தான். வேலக்காரங்க லிஃப்ட்ல மேல போனதும் உடுப்ப மாத்திடணும். வெள்ளச் சட்ட, வெள்ளப் பேண்ட்டு, வெள்ளச் செருப்பு. பூங்காவுல நாலு பேரு பாத்தா நான் பிள்ளைக்கு அம்மா இல்ல, ஆயான்னு தெரியணுமாம். அந்தப் பிள்ளைக்கு சோள முடி மாதிரி தல, நான் இந்தக் கரி நெறம். தெரியாமப் போயிடுமாக்கும்.

ஆனா அந்த யூனிபாரத்தத் திட்டவும் எனக்கு வாய் வரலம்மா. ஒருநா அவசரத்துல அதக் கழட்டாம கடைக்குப் போயிட்டேன். என்னா மரியாத தெரியுமா. வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா. ஏன்னா என் பின்னாடி ஒரு பெரிய வீடு நிக்கிது, அந்த வீட்டுப் பணம் நிக்கிது. அன்னையோட புடிச்சுக்கிட்டேன். லீவு நாள்லகூட யூனிபாரம் போட்டுட்டுதான் கடைக்குப் போவேன். சோப்பு வாங்குனாலும் எங்க மொதலாளியம்மாவுக்கு, செருப்பு வாங்குனாலும் எங்க மொதலாளியம்மாவுக்கு. டோனா எலொயீசா பேரச் சொல்லி நான் உள்பாவாடகூட வாங்கியிருக்கேன். வெள்ளிக்கெழம மட்டும் போக மாட்டேன். அன்னிக்கு ஊரே சாமிக்குன்னு வெள்ள உடுத்துதுல்ல, அந்தக் கூட்டத்துல என் வெள்ளைக்கு ஏது மதிப்பு. சிரிக்கிறியா, சிரி. எனக்கும் அப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு.

இன்னிக்கு வெள்ளிதான், தெரியும். வேற வழியில்ல, நாலு மணிக்குள்ள கொண்டுபோயாகணும்.

இது கொஞ்சம் வெளிறுன மஞ்சளா இருக்கே. இன்னும் அழுத்தமா இல்லியா? பொறுமையாப் பாரு.

எம்பொண்ணு பேரு தைனாரா. பதினஞ்சு முடியிறப்ப ஊரு வழக்கம், பெருசாக் கொண்டாடுவாங்கல்ல. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, மஞ்ச கவுன். இதே மால்ல, மேல் மாடியில ஒரு கடை இருந்துச்சு, இப்ப மூடிட்டாங்க. அங்க கூட்டிட்டுப் போனேன். நான் யூனிபாரத்துல. அவ தேய்ச்ச சட்ட போட்டு, தலைய அழகாப் பின்னி, அப்படி ஒரு சந்தோசம் மொகத்துல. உள்ள போன ஒடனே கடைக்காரப் பொண்ணு கேட்டா, யாருக்குன்னு. என் வாய் இருக்கே, அது யோசிக்கவே இல்லம்மா. எங்க மொதலாளியம்மாவோட பொண்ணு பியான்காவுக்கு, இவளுக்கும் அதே ஒடம்பு, அளவு பாக்கக் கூட்டியாந்தேன்னு சொல்லிருச்சு.

தைனாரா என்னத் திரும்பிப் பாத்தா. நான் கண்ணக் காட்டுனேன், சும்மா இருடின்னு. அவளும் உள்ள போயிப் போட்டுட்டு வந்தா. என்னத்தச் சொல்ல, வெளக்கேத்துன மாதிரி நின்னாம்மா எம்புள்ள. கண்ணாடியப் பாத்து இப்படி லேசாத் திரும்புனா, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரப் பொண்ணு சொல்றா, சீக்கிரம் கழட்டும்மா, வேர்வ பட்டுடப் போவுது, அந்தப் பாப்பா போட்டுக்கணும்ல. நான் என்ன பண்ணேன் தெரியுமா. சிரிச்சேன். ஆமாமான்னு தலைய வேற ஆட்டுனேன்.

வாங்கிட்டு வந்தோம். பஸ் ஸ்டாப்புல நின்னோம். பஸ் வர்றப்ப சொன்னா. அம்மா, நான் உம்பொண்ணுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா நம்மள என்ன வெளியவா தள்ளியிருப்பாங்க? தள்ளுனாத்தான் என்ன?

எனக்குக் கோவம் வந்துருச்சு. வாங்கிக் குடுத்தேன்ல, நன்றிகெட்டவளேன்னு பஸ்ஸுல வச்சே திட்டுனேன். உண்மையில அது கோவமில்லம்மா. வெக்கம்.

அந்த கவுன அவ தொடவே இல்ல. கொண்டாட்டத்துக்கு ஒரு பழைய ஜீன்ஸ்தான். அதுக்கப்புறம் எங்கூட எந்தக் கடைக்கும் வந்ததில்ல. தனியாப் போவா. ரப்பர் செருப்போட, முதுகுல பையோட, வேணும்னே போவா. செக்யூரிட்டி பின்னாடி வந்தா திரும்பி நின்னு, அண்ணே, கூட வர்றதுதான் வர்றீங்க, இந்தக் கூடையக் கொஞ்சம் புடிங்கன்னு சொல்லுவாளாம். எவனாவது கையப் புடிச்சு முறுக்கிட்டா? பொம்பளப் புள்ள, தனி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி சோதன போடுறேன்னு ஆரம்பிச்சா? அடக்கமா இருடின்னு கெஞ்சுவேன். நீ எனக்கும் சேத்து அடங்கிட்டியேம்மான்னுவா.

நர்ஸுக்குப் படிச்சு முடிச்சுட்டா. இருபத்திமூணு வயசு. எங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு, ஆனா அந்த மஞ்ச கவுனப் பத்தி மட்டும் பேசுனதில்ல. பேசியிருக்கணும். ஒரு வார்த்த, தப்புதான்டி தங்கம்னு ஒரு வார்த்த. நாளைக்கு, நாளைக்குன்னு எட்டு வருசம் ஓட்டிட்டேன்.

இது, இது. இந்தக் கலருதான். கை முட்டி வரைக்கும் வருதா? இன்னும் கீழ வரணுமே. மணிக்கட்டு வரைக்கும் மூடணும். சரி, அந்த இன்னொண்ணு காட்டு. ஆங், இது போதும்.

அந்தச் செக்யூரிட்டி காதுலயும் விழட்டும், சத்தமாவே சொல்றேன். எம்பொண்ணுக்கு. தைனாராவுக்கு. நான் பெத்த பொண்ணுக்கு. பாத்தியா, ஒண்ணும் ஆகல. கூரை இடிஞ்சு விழல. இத்தன சுளுவான வேலையா இது.

இல்லம்மா, போட்டுப் பாக்க அவளக் கூட்டிட்டு வர முடியாது. மாத்தவும் வர மாட்டேன், அந்தச் சீட்டு நீயே வச்சுக்க. மூணு நாள் காய்ச்சல்தான் கண்ணு. அவ படிச்ச ஆஸ்பத்திரிதான், எல்லாரும் பாத்தாங்க, ஊசி குத்தாத எடமில்ல, கை ரெண்டும் கருநீலமாப் போச்சு. அதான் நீளக் கை கேட்டேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு மூச்சு நின்னுருச்சு, சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்.

அட, நீ அழுவாதம்மா. உங்க மேனேஜரு பாக்குறாரு. அந்த முதுகு ஜிப்பு இறுக்கமா இருக்கேன்னு இழுத்து இழுத்துப் பாக்காத, விடு. பின்பக்கம் கத்திரியால வெட்டித்தான் போட்டு விடுவாங்களாம். முன்பக்கம் அழகா இருந்தாப் போதும்.