வியாழக்கிழமைக் கடல் வகுப்பு

பம்பு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் திருமலைசாமி அவர்களே, மேடையிலுள்ள நிர்வாகிகளே, துக்கத்தோடு கூடியிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் பொற்கொடி அம்மணி அவர்களே, வணக்கம்.

பேராசிரியர் அங்கப்பனின் படத்துக்கு மேடையில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன்பு, தொண்ணூறு ஆகஸ்டில், இதே மண்டபத்தில் அவர் பேசினாரே, அன்று எங்கே போயிற்று இந்த நாற்காலி? ஒரு மணி நேரம் மேடைக்குக் கீழே நின்றுதானே பேசினார்?

புகழ்ந்து பேச என்னை அழைத்தீர்கள். கல்லூரியில் ஒரே வரலாற்றுத் துறையில் இருபத்திரண்டு வருடம் அவரோடு சண்டை போட்டவன் நான். எதிரியின் கப்பற்படையை ஒரே பெரும்போரில் முறியடித்தால் கடல் நம்முடையது என்றார் நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்க அதிகாரி. நான் அவர் கட்சி. கடலை யாரும் சொந்தமாக்க முடியாது, சரக்குப் போகும் வழியைக் காத்தாலே போதும் என்றார் பின்னால் வந்த ஆங்கிலேயர் ஒருவர். அங்கப்பன் அந்தக் கட்சி.

அன்று அவர் என்ன சொன்னார்? "வளைகுடாவில் சண்டை வந்தால் ஒரு கப்பலும் மூழ்க வேண்டியதில்லைங்க. தண்ணியில கண்ணிவெடி மிதக்குதுன்னு சேதி வந்தாலே போதும், கப்பல்காரன் வரமாட்டான். இப்பவே கிழக்கு நாடுங்க பக்கம் பம்பு வாங்க ஆள் தேடுங்க" என்றார்.

தலைவர் என்ன கேட்டார்? "ஏனுங்க வாத்தியாரே, நம்ம நொய்யல் ஆத்துல எந்தக் கப்பலுங்க உடப்போறீங்க?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், உங்களைவிடச் சத்தமாக.

ஜனவரியில் போர் வந்தது. வளைகுடாவுக்குப் போகவேண்டிய நம் பம்புப் பெட்டிகள் கொச்சித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. யாராவது அவர் வீட்டுக்குப் போனீர்களா? மாறாக, வியாழன்தோறும் இந்த மண்டபத்தின் மேல்மாடியில் அவர் நடத்திய கடல் வகுப்பைப் பூட்டினீர்கள். அவர் சொன்னது பலித்ததுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பை நிறுத்தச் சொல்லி அவருக்குப் போன கடிதத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

பிறகு கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே, தன் வீட்டில் மூன்று பேருக்குப் பாடம் நடத்தினார். போன வாரம் ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார் என்று பொற்கொடி அம்மணி என்னிடம் சொன்னார்: "மாடியத் தொறந்துபோட்டாங்களான்னு கேட்டாருங்க. தொறந்தாச்சுன்னு பொய் சொல்லிப்போட்டேனுங்க."

அந்தப் பொய்யை உண்மையாக்க வேண்டியவர்கள் நாம். வருகிற வியாழன் ஐந்து மணிக்கு வகுப்பு நடக்கும். நான் நடத்துவேன், என் கட்சியை அல்ல, அவர் கட்சியை.

தலைவர் அவர்களே, மாடிச் சாவிக்கொத்து உங்கள் முன்னாலுள்ள மேசையில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, அன்று அவர் நின்ற இடத்துக்கு வந்து, அம்மணி கையில் கொடுங்கள். அதுவரை இந்த மைக்கை விட்டு நான் நகர மாட்டேன்.