அறுபத்து நான்கு பால் கேன்கள்

பிளாஸ்டிக் பால் கேனைக் கழுவுவது பார்ப்பதற்குத்தான் லேசான வேலை, திரு. புரோடின். கைப்பிடிக்குள் ஒரு சொட்டுப் பால் தங்கிவிட்டாலும் ஒரு வாரத்தில் வீடே நாறும். சோப்புத் தண்ணீரில் ஒரு தரம், வெந்நீரில் ஒரு தரம், பிறகு இரண்டு நாள் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்படி அறுபத்து நான்கு கேன்களை நான் கழுவினேன். அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு என் சமையலறை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். நீல மூடி போட்டது. அது சர்ச்சின் அடித்தளச் சமையலறையிலிருந்து வந்தது.

நடந்ததைப் போலீஸ் வாக்குமூலமாக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அதுவரை அந்த எலுமிச்சை கேக் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துபோகும். நான் பள்ளி நூலகத்தில் இருந்த காலத்தில், திமிங்கிலங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பதினொரு மாதம் வைத்திருந்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஜாம் கறையோடு திருப்பித் தந்தவர் நீங்கள். உங்கள் அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

அந்தப் படகு என் மாமனாருடையது. பதினான்கடி நீளம், அலுமினியம், குறுக்கே மூன்று இருக்கைகள். எங்கள் மகன் நில்ஸ் ஐந்து வயதிலிருந்து முன்னிருக்கையில்தான் உட்காருவான். பத்தொன்பதாவது வயதில், ஒரு நவம்பர் மாதம், பனி உறைந்த வளைவில் அவன் கார் சறுக்கியது. அதன்பின் அந்தப் படகு ஷெட்டுக்குப் பின்னால் ஒன்பது வருஷம் கிடந்தது. அந்த ஒன்பது வருஷமும் என் கணவர் ஹால்வர், லைலின் படகில் தொற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போனார். லைல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஹால்வர் மாவட்டத்தின் பனி வாரும் லாரி ஓட்டியவர். அந்த வளைவில் மட்டும் பனி உருக இரண்டு தரம் உப்புத் தூவுவார் என்று பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அவர் சொன்னதில்லை. அவருக்கும் சொல்லாமலிருக்க வரும்.

ஓய்வு பெற்ற வாரமே படகை இழுத்துவந்து காரேஜில் நிறுத்தினார். என் கார் மூன்று குளிர்காலம் வெளியே நின்றது. லைல் வேலிமேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். படகுக்குள் முழங்கால் உயரத்துக்கு மேப்பிள் மரக்கன்று ஒன்று முளைத்திருந்தது.

"ஏண்டா ஹால்வர், இதுல மீன் பிடிக்கப் போறியா, தோட்டம் போடப் போறியா?"

"அலுமினியம்டா இது. துருவே பிடிக்காது. புதுசு வாங்குறவன்தான் மடையன்."

"பழசை வச்சு மல்லுக்கட்டுறவனுக்கு என்ன பேரு?"

"புருஷன்னு பேரு" என்றார் ஹால்வர், என்னைப் பார்த்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். அவர் நல்ல மனிதர்தான், திரு. புரோடின். அதை எழுதிக்கொள்ளுங்கள், எழுதுவது நான்தான் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். அவர் நல்ல மனிதர். கையைவிட்டுக் காசு போவதுதான் அவருக்குப் பிடிக்காது. தரைப் பலகை யாரோ கழற்றிப் போட்ட கொட்டகைக் கதவிலிருந்து வந்தது. பெயிண்ட், மாவட்ட லாரிகளுக்கு அடித்து மிஞ்சிய ஆரஞ்சு. லைல் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதுதான், மூழ்கினாலும் மேலேர்ந்து தெரியும்" என்றார். பாவம், இப்போது அவர் அதை நினைத்துத் தூங்குவதில்லை. அவரிடம் சொல்லுங்கள், அந்தப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பழைய அலுமினியப் படகில் ஒழுகுவது தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள்தான். நூற்றுக்கணக்கில் இருக்கும். தளர்ந்ததைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் தலையில் அடிப்பார். மற்றவர் உள்ளே படுத்துக்கொண்டு, ரிவெட்டின் வாலுக்கு ஓர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் வால் நசுங்கிக் குமிழாகி இறுகும். லேசாகப் பிடித்தால் சாய்ந்து மடங்கும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் ஒல்லி. உள்ளே நான்தான் படுத்தேன்.

அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அவர் காதை வேறு மூடிக்கொண்டிருப்பார். அதனால் ஒரு வழி வைத்துக்கொண்டோம். அடித்து முடித்ததும் அவர் உள்ளங்கையைப் படகின் வெளிப்புறத்தில் வைப்பார். நான் உள்ளிருந்து கட்டியால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் நன்றாக இருக்கிறது. மூன்று என்றால் கெட்டுவிட்டது, எடுத்துவிடு. மூன்று குளிர்காலம் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம். சொன்னால் சிரிப்பீர்கள், முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் சண்டையே போடாமல் பேசிக்கொண்டது அப்போதுதான். அவர் என்னை நம்பினார். ஒரு ரிவெட்டைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கக் குனிந்தால் முழங்கால் வலிக்கும்.

முன்னிருக்கைக்கு அடியில் படுத்திருந்த ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். பலகையின் அடிப்பக்கத்தில் கத்தி முனையால் கீறியிருந்தது: நில்ஸ் 26 அங்குலம். அப்பா 22.

இருவரும் பிடித்த வால்ஐ மீன்களின் நீளம் அது. ஒன்பது பத்து வயதில் கீறியிருப்பான். எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவனுடைய எல்லா எழுத்தும் அப்படித்தான் சாயும்.

ஹால்வரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முனகிக்கொண்டு குனிந்து பார்த்திருப்பார். "இருபத்தாறெல்லாம் கிடையாது, இருபத்துநாலுதான்" என்றிருப்பார். பிறகு எங்கள் இருவருக்கும் அது ஒரு மீனைப் பற்றிய விஷயமாகிவிட்டிருக்கும். ஆகவே எனக்கென்று வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் வேலை முடிந்த பிறகும், டார்ச்சைத் தேடுகிறேன், கட்டியைத் தேடுகிறேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போய்ப் படுப்பேன்.

எங்கள் ஊரில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமையும் அன்னையர் தின ஞாயிறும் பெரும்பாலும் ஒரே வாரக்கடைசியில் வந்து விழும். நாள் குறித்தவர்களுக்கு அம்மா இல்லை போலிருக்கிறது. நில்ஸ் போனபின் வந்த அந்த ஞாயிறுகளை நான் எப்படிக் கழித்தேன் என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. முதல் குளிர்காலத்திலேயே ஹால்வர் சொன்னார்: "இது முடியட்டும் மார்லிஸ். பருவம் தொடங்குற அன்னிக்கு முன்சீட்டு உனக்குத்தான்." அதை நான் இரண்டு தட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது குளிர்காலம், மார்ச் மாதம். சர்ச்சில் காபி போடும் முறை எனக்கு. மதியம் வந்து பார்த்தபோது முன்னிருக்கை இல்லை. அந்த இடத்தில் யாரோ தூக்கிப் போட்ட பிக்னிக் பெட்டி ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார். முகமெல்லாம் பல். "தூண்டிலுக்குப் போடுற குஞ்சு மீனெல்லாம் இதுல உசிரோட இருக்கும். ஏரித் தண்ணிய பம்பு இழுத்து விட்டுக்கிட்டே இருக்கும்."

"சீட்டு எங்க?"

"அறுத்துட்டேன். பழைய இரும்புக் கடையில எடைக்கு எடுத்துக்கிட்டான். அந்தக் காசுலதான் பம்பே வாங்குனேன்."

"நான் எங்க உக்கார்றது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதைச் சொல்ல வேண்டும். "நீயா? உனக்குக் குளிருமே. நீ வீட்டுல நிம்மதியா புஸ்தகம் படி. வர்றப்போ பெரிய மீனா கொண்டாறேன்."

மறுநாள் காலை அந்தக் கடைக்குப் போனேன். அலுமினியம் ஏற்றிய லாரி முந்தின சாயங்காலமே துலூத் நகரத்துக்குப் போய்விட்டது என்றார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அவருக்கு உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்த ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் என் பதில்.

இருக்கையை எடுத்ததால் படகின் இரு பக்கமும் ஓட்டைகள் விழுந்திருந்தன. அவற்றையும், முன் அடிப்பகுதியில் தகடுகள் சேரும் இணைப்பையும் ரிவெட் போட்டு அடைக்க வேண்டும். நான் உள்ளே படுத்தேன். இந்தத் தடவை கட்டியை லேசாகப் பிடித்தேன். வால்கள் மடங்கின. அவர் உள்ளங்கையை வைத்தார். இரண்டு தட்டு தட்டினேன். எல்லாவற்றிலும் இல்லை, பதினொன்றில் மட்டும். எண்ணிக்கையில் நான் எப்போதும் கவனம்.

ஏப்ரலில் சோதனை. படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே குழாய்த் தண்ணீரை நிரப்பி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது வழக்கம். சொட்டும் இடத்தில் குறி போடக் கிரேயானை எடுத்துக்கொண்டு அடியில் ஊர்ந்து போனவள் நான்தான். பனி உருகி வாசலெல்லாம் ஏற்கெனவே ஈரம். என் கழுத்தில் சொட்டியது.

"எத்தனை இடம்?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல."

"பாத்தியாடா லைல்" என்று வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "எம் பொண்டாட்டி கை!"

இனி கேன்கள். மீதி இரண்டு இருக்கைகளுக்குள் மிதப்பதற்காக நுரைப் பலகை இருந்தது. அது தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டதால் தூக்கிப் போட்டார். புதிது வாங்குவாரா? காலிப் பால் கேன்களை மூடி போட்டு அடைத்தால் அதே வேலை செய்யும் என்றார். செய்யும்தான். படகு நிறைய தண்ணீர் புகுந்தாலும் விளிம்பு மேலே நிற்கும், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். நூலகத்தில் இதற்கு ஒரு நல்ல புத்தகம் இருக்கிறது. கேன்களைக் கழுவிக் காயவைத்து மூடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். காலுறை தைக்கும் ஊசியை அடுப்பில் சூடாக்கி, ஒவ்வொன்றிலும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டேன். ஒன்று மட்டும் போதாது, திரு. புரோடின், காற்று வெளியே போக வழி விட்டால்தான் தண்ணீர் உள்ளே வரும். நீங்கள் கையில் வைத்திருப்பதில் மேல் துளை கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும். பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் லைல் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ள உதவினார்.

"அடித் தக்கையை மாட்டுனியா?"

"மூணு தரம் பாத்தாச்சு."

"தண்ணி எறைக்க பம்பு?"

"காபி டப்பா இருக்கு. எதுக்குடா பம்பு?"

ஆக, அந்தப் படகில் இருந்த ஒரே பம்பு ஏரித் தண்ணீரை உள்ளே கொண்டுவரும் பம்பு. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அது முழுக்க அவருடைய யோசனை.

ஜன்னல் வழியே நான் சொன்னேன்: "மிதவைச் சட்டையப் போட்டுக்குங்க."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அதை மடித்து இருக்கைமேல் போட்டு உட்கார்ந்து காட்டினார். வருஷா வருஷம் அதே நகைச்சுவை. நான் சொன்னதற்கு லைல் சாட்சி. ஹாம் சாண்ட்விச் இரண்டு கட்டிக் கொடுத்தேன். அவர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் தண்ணீரில் கை விரல்கள் பத்து நிமிஷத்தில் மடங்காமல் போகும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. அவர் கரையோரமாகத்தான் போவார் என்று நான் நினைத்தேன். நாற்பது வருஷமாக நடு ஏரிப் பாறைத் திட்டுக்குத்தான் போனார் என்று லைல் உங்களிடம் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அதுவும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஆட்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். நில்ஸ் போனபின் அன்னையர் தினத்தன்று அவர் என்னோடு இருந்தது இந்த வருஷம்தான்.

ரிவெட்டுகளும் கேன்களும் என் வேலை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் தப்பாக எழுதிவிடக் கூடாது. நான் அவரை நனைக்கத்தான் நினைத்தேன். உதடு நீலம் பாரித்து, தலை சொட்டச் சொட்டக் கரையேறி இந்தக் கதவில் வந்து நிற்க வேண்டும். என்ன தப்பு செய்தேன் மார்லிஸ் என்று ஒரு தரம் கேட்க வேண்டும். அப்போது சொல்லியிருப்பேன், அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று. அவர் வருவார் என்று நான் நம்பியதற்குச் சாட்சியும் இருக்கிறது. நனைந்து வருகிறவருக்கு உலர்ந்த உடுப்பு வேண்டுமே என்று வெள்ளிக்கிழமையே தேய்த்துக் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்: கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நில்ஸை அடக்கம் செய்த அன்று அவர் கட்டிய டை.