மேடம் நின்ற இடம்

"பொம்மை செத்துப்போச்சிக்கா. மேடம் எங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க."

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த நர்ஸ் சொன்னாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் மூச்சு விடும், இருமும் பொம்மையை நோயாளியாகப் படுக்கவைத்து ஒரு மேடம் நர்ஸ்களுக்குப் பயிற்சி தருகிறாராம். பக்கத்தில் இருந்த ஊர்க்காரி நம்பவில்லை.

"நீங்க சாவடிச்சதுக்கு அவங்க ஏன் கேக்கணும்?"

"ஆக்ஸிஜன் ட்யூப் கழண்டு கெடந்துச்சி. நான் பாத்துட்டேன். ஆனா மேடம் நோட்டு வச்சிக்கினு என் முதுகுக்குப் பின்னாலயே நின்னுகினு இருந்தாங்க. தப்பா சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு வாயே தொறக்கல."

"திட்டினாங்களா?"

"இல்ல. ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. உங்களப் பாத்து பயந்துகினுதான்னு சொல்லிட்டேன். அதுக்கு மேடம் தெலுங்குல 'தப்பு நாதே'ன்னாங்க, தப்பு என்னுதுதான்னு. நான் நின்ன எடம்தான் தப்பு, இன்னொரு வாட்டி பண்ணலாம்னு நோட்ட மூடிட்டு, கட்டிலுக்கு எதிர்ப்பக்கமா வந்து நின்னாங்க."

எனக்குப் பாடம் நடத்திய எவரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காதை முன் சீட்டுக்கே கொடுத்துவிட்டேன்.

"பொம்மை?"

"பொழச்சிகிச்சி."

வடமாலபேட்டை தாண்டியதும் ஊர்க்காரி கேட்டாள். "உன் வார்டுல புதுசா ஒரு பொண்ணு, ஊசி போடறப்ப கை நடுங்குதுன்னு திட்டிகினு இருந்தியே, அது இப்ப எப்படி?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நான் எங்க நின்னுகினு இருந்தேன்னுதான் யோசிச்சிக்கினு வரேன்கா."