இரண்டாம் முறை முழங்கால்படியிடாதவர்

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, சேகரத்து மூப்பர்களே, மறைந்த அருட்பணி ஞானாபரணம் அவர்களின் துணைவியார் நேசபாய் அம்மா அவர்களே, அவரை அச்சன் என்று அழைத்த இரணியல் சபையாரே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நான் உங்கள் திருச்சபைக்காரன் அல்லன். மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை நடத்துகிற ஜேசுதாஸ். போதகரே இல்லாமல், விசுவாசிகளே ஞாயிறுதோறும் அப்பம் பிட்டுக்கொள்கிற ஒரு சின்னக் கூட்டத்தின் மூப்பன். பேராயர் அமர்ந்திருக்கும் மேடையில் இவனுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அச்சனோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான். அந்த உரிமையில் வந்திருக்கிறேன்.

என்ன சண்டை? எப்போதும் ஒரே சண்டை. இயேசு தம் அப்போஸ்தலருக்குத் தந்த அதிகாரம், பேராயர் பேராயராகத் தலைமேல் கைவைத்துக் கைவைத்து இன்றுவரை இறங்கி வருகிறதா, இல்லையா? வருகிறது என்பார் அச்சன். யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்ததைக் காட்டுவார். தீமோத்தேயுவின்மேல் பவுல் கைவைத்ததைக் காட்டுவார். நான் விடுவேனா? மத்தியாவுக்குச் சீட்டுத்தானே போட்டார்கள், கைவைத்தது யார்? யாக்கோபு வெட்டுண்டபோது அவர் இடத்துக்கு ஆள் போட்டார்களா? பவுல்மேல் கைவைத்த அனனியா எந்த ஊர் அப்போஸ்தலன்? பெயின்ட் வாங்க வந்தவர்கள் வந்த காரியத்தை மறந்து நிற்பார்கள். கடைசியில் அச்சன் சிரித்துக்கொண்டே, "ஓய், கம்பி அறுந்தா கரண்டு வராது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்.

அந்தக் கம்பி அறுந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அச்சனுக்குக் கைவைத்த பழைய பேராயருக்கு, அவர் பேராயரான அபிஷேக நாளில் வேறு எந்தப் பேராயரும் கைவைக்கவில்லை. வர வேண்டியவர் வரவில்லை. கூடியிருந்த மூப்பர்களே கைவைத்து, வெளியே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அன்று அங்கே நின்ற ஒருவர், வயதான காலத்தில் மனம் பொறுக்காமல் சபைச் சங்கத்தில் எழுந்து சொன்னார். அந்தப் பேராயர் கைவைத்த போதகர்கள் எல்லோரும் மறுபடி பட்டம் பெற வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. முறைப்படி அபிஷேகம் பெற்று வந்த இன்றைய பேராயர், அன்போடுதான் அழைத்தார்கள். ஒரே ஒரு ஞாயிறு, பேராயர் தலைமேல் கைவைக்க ஒரே ஒரு முறை முழங்கால்படியிட்டால் போதும். மற்றவர்கள் எல்லோரும் முழங்கால்படியிட்டார்கள்.

அந்த வாரம்தான் உங்கள் சபையின் ரெஜிலா அச்சன் வீட்டுக்கு வந்தார். புற்றுநோயில் கிடந்த அவருடைய கணவருக்குக் கிறிஸ்துவின் உடலென்று அப்பம் பிட்டுக் கடைசித் திருவிருந்து கொடுத்தவர் அச்சன். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். "அச்சா, உள்ளதைச் சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு நீங்க தந்தது வெறும் அப்பமா?" என்று கேட்டார். கோபம் இல்லை, அழுகை இல்லை. சபையாரே, வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதர் அவர். மடியில் இருந்த வேதத்தை மூடி வைத்தார்.

அவர் முழங்கால்படியிடவில்லை. "இன்னைக்கு நான் முழங்கால் போட்டா, அன்னைக்கு அவரு வாயில வச்சது ஒண்ணுமில்லன்னு ஆயிரும்லா" என்றார். கம்பி அறுந்தவன் அங்கி போடலாகாது என்று அதே நாளில் அங்கியையும் கழற்றி வைத்தார். கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினார். என் பக்கம் வந்துவிடும், நீர் கொடுத்ததெல்லாம் செல்லும் என்று நான் மன்றாடினேன். "உம்ம வாதம் இப்ப எனக்கு ரொம்ப வசதியா இருக்கு ஓய். அதான் பயமா இருக்கு" என்றார்.

சாயங்காலங்களில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று பெயரைச் சத்தமாக வாசிப்பார். எல்லாம் அவர் திருவிருந்து கொடுத்து அனுப்பியவர்கள். ஜெபிக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். "எந்த உரிமையில?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் குரல் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.

கடைசி நாளில் புதிய போதகர் திருவிருந்தோடு வந்தார். அச்சன் கைகூப்பி வேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீரு தாரும். அவங்களுக்குக் கெடச்சது எதுவோ, அது போதும் எனக்கு" என்றார். நேசபாய் அம்மா அடுக்களையிலிருந்து ரொட்டி கொண்டுவந்தார்கள். ஞாயிறுதோறும் அப்பம் பிட்ட கை இது. அன்று எடுத்த ரொட்டியை மறுபடி தட்டில் வைத்தது. பேராயரையே கூப்பிடுவோமே என்று வாய்வரை வந்துவிட்டது. யார் வாய்வரை? இந்த ஜேசுதாஸின் வாய்வரை. கொடுத்தேன். அவர் மென்று விழுங்கினார். ஏதாவது சொல்லுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இப்படிப்பட்ட கூட்டங்களில் எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பணியை? வாதத்தையா? வாதாட எனக்கு இனி ஆள் இல்லை.

ஆனால் சற்று முன் அடக்கம் முடிந்து திரும்பும்போது ரெஜிலா என்னை நிறுத்தினார். "அம்மைக்கு ரொம்ப முடியல்ல. திருவிருந்து கேக்குதாவ. நீங்க கொண்டு வருவியளா?" என்றார். எனக்குத் தலையில் யாரும் கைவைக்கவில்லை அம்மா, நான் உங்கள் சபையும் இல்லை என்றேன்.

"தெரியும். அச்சனுக்குக் குடுத்தவருல்லா நீங்க" என்றார்.

பேராயர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருகிறேன் என்று ரெஜிலாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் அங்கேதான் போகிறேன்.